பன்னீரும் சாதாவும்

சென்னை ஓட்டலில் மகள் தன் ஜின்னில் கலக்கப் பன்னீர் சோடா கேட்டாள். மேசைக்கு வந்த கோலி பாட்டிலைப் பார்த்ததுமே நான் வேப்பந்தட்டையில், எட்டு வயதில், ஈரச்சாக்கு போர்த்திய சோடாப் பெட்டி முன்னால் நின்றேன்.

விருந்தாளி வந்தால் அப்பா பன்னீர் வாங்கிவரச் சொல்வார், சாராயத்தில் கலக்க என்றால் சாதா. அதனால் அவர் வாயைத் திறக்கும்வரை அம்மாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். சாதா என்றால், கோலி உள்ளே இறங்கும் சத்தம் கேட்டதுமே அம்மா சோற்றுப்பானையைக் கொல்லையில் ஒளித்துவிடுவாள். போதையில் அவர் முதலில் எட்டி உதைப்பது அதைத்தான்.

ஒருநாள் அவர் சாதா கேட்க, இனிப்பில் சாராயம் கலக்கமாட்டார் என்று நம்பி, பன்னீர் வாங்கிவந்தேன்.

"யாரு வந்திருக்காங்கன்னு இதை வாங்கியாந்தே?"

அப்பா கட்டைவிரலால் கோலியை அழுத்தி, சாராயத்தில் ஊற்றி, ஒரே மடக்கில் குடித்தார்.

"இதுவும் நல்லாத்தான்டி இருக்கு."

அன்றிலிருந்து பன்னீர் உடைக்கும் சத்தத்துக்கும் பானை கொல்லைக்குப் போனது.

ஓட்டல் பணியாளர் கோலியை அழுத்தினார்.

"ஏம்மா," என்றாள் மகள், "தட்டைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டே?"