மெர்கோங்கில் விடாப்பிடிப் பிளக்

பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் எங்கள் புதுக் காரை, மெர்கோங் கடைவரிசையில் இருந்த ஒரே சார்ஜரில் மாட்டிப் பூட்டிவிட்டு, மனைவியோடு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், முழு மின்சாரக் கார் ஒன்றில் ஒரு பெண் காத்திருந்தார்.

“உங்களுக்குத்தான் பெட்ரோல் இருக்கே அண்ணே! எனக்கு ஜித்ரா போகவே சார்ஜ் இல்ல. அங்க மக ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கிறா. சீக்கிரம் எடுங்க லா.”

“உங்க கார் சார்ஜ் ஏறுற வரைக்கும் அவ நிக்கணுமா? எங்க கார்லயே போயி கூட்டிட்டு வந்துருவோம்” என்றாள் மனைவி.

போன் ஆப்பில் சார்ஜை நிறுத்திப் பிளக்கை இழுத்தேன். வரவில்லை. இரு கையாலும் இழுத்தேன்; கார்தான் குலுங்கியது. பிளக் கழன்றால்தான் கார் நகரும். டேங்க் நிறையப் பெட்ரோல், எதிரே திறந்த சாலை. நானோ கேபிளில் கட்டிய மாடாக நின்றேன். வெயில் பிடரியில் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பெண் போனில், “கேட்டுக்கு உள்ளேயே நில்லும்மா” என்று மகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, கார் லாக்ல இருக்கா?”

சாவியில் பூட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’கென்று பிளக் கையோடு வந்தது. கார் பூட்டியிருந்தால் பிளக்கும் பூட்டிக்கொள்ளுமாம்.

அவர் தன் காரில் அதை மாட்டியதும் மனைவி எங்கள் கார்க் கதவைத் திறந்தாள். “ஏறும்மா. இவருக்குப் பிளக்தான் கழட்டத் தெரியாது, கார் நல்லா ஓட்டுவாரு.”

இப்போதெல்லாம் பூட்டைத் திறந்த பிறகே பிளக்கைத் தொடுகிறேன். சார்ஜ் ஏறும்போது காரைவிட்டு நகர்வதில்லை. மின்சாரக் கார் வந்து நின்றால், அதை ஓட்டி வந்தவர் கேட்கும் முன்பே கழற்றிவிடுகிறேன்.