நாலு பேருக்கு ஒரு கியூபா சுருட்டு

எனக்கு எட்டு வயது நடந்தபோது, எங்கள் களத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்து நான்கு ஆண்கள் ஒரே ஒரு சுருட்டைப் பிடித்தார்கள். பீடிக்குப் பஞ்சமில்லாத மலை எங்களுடையது. ஒரு சுருட்டுக்காக நான்கு பேர் காத்துக்கிடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் இது கியூபாவிலிருந்து வந்த சுருட்டு. அதைவிட, சித்தப்பா கப்பலிலிருந்து திரும்பி வந்து அன்றைக்கு நான்காவது நாள்.

கப்பல் என்பது அப்போது நான் நம்பியிருந்த விஷயம். சித்தப்பா அந்த இரண்டு வருடமும் இருந்தது வேறு மாநிலத்துச் சிறை ஒன்றில். கட்டட வேலைக்கு ஆள் வேண்டுமென்று வந்த ஒரு மேஸ்திரியை நம்பிப் பஸ் ஏறியவரை, போய்ச் சேருவதற்குள் வழியிலேயே இறக்கி, செம்மரம் வெட்ட வந்தவர் என்று போலீஸ்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். இதை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "சித்தப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்காரு" என்று அம்மா சொல்லிவைத்தாள். நான் அதை என் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். கப்பலுக்கு எத்தனை மாடி என்று பையன்கள் கேட்டபோது, யோசிக்காமல் ஏழு என்றேன். உண்மை எனக்குத் தெரிந்தது எட்டாம் வகுப்பில்தான்.

வழக்கை நடத்தியவர் போளூரில் குடியிருந்த ஒரு வக்கீல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பாவோடு அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் கிளம்பிப் போவார்கள். ஒருவர் ஜமுனாமரத்தூருக்கும் எங்கள் ஊருக்கும் வேன் ஓட்டுகிறவர். இன்னொருவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எனக்கு அவர்கள் வேன் மாமா, ரேஷன் மாமா. சித்தப்பாவையும் சேர்த்து நான்கு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்பா ஒரு வருடம் பெயிலாகி, தம்பியின் வகுப்புக்கு வந்துசேர்ந்தவர்.

அந்த மாநிலத்துக் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று பேரும் மாறி மாறிப் பீடி பிடித்துக்கொண்டு நிற்பதை வக்கீல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கேஸ் ஜெயிக்கட்டும், ஒசத்தியான சுருட்டு ஒண்ணு தர்றேன், நாலு பேரும் சேர்ந்து பிடிங்க" என்று ஒருநாள் சொன்னாராம். வெளிநாட்டிலிருந்து அவருடைய மருமகன் கொண்டுவந்து கொடுத்ததைப் பீரோவில் வைத்திருந்தாராம். தீர்ப்பு நல்லபடியாக வந்த அன்று, வாக்குத் தவறாமல் அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா வந்துசேர்ந்தார். ஆனால் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. குளிப்பதற்குக்கூட விடிவதற்குள் போய்விட்டு வந்துவிடுவார். யாராவது பார்க்க வந்தால் உள்ளறைக்குப் போய்ப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சித்தி சோற்றுத் தட்டோடு உள்ளே போவாள், பாதிச் சோற்றோடு திரும்பி வருவாள். பள்ளியில் எனக்குக் கொடுத்த அட்லஸை வைத்துக்கொண்டு அந்த அறை வாசலிலேயே மூன்று நாள் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதற்குமேல் ஒன்றும் பேசமாட்டார். கப்பலில் போய்வந்தால் தலைசுற்றல் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் பிற்பகல் இரண்டு மாமாக்களும் வந்தார்கள். அப்பா மரப்பெட்டியிலிருந்து சுருட்டை எடுத்துவந்தார். அது ஒரு அலுமினியக் குழலுக்குள் இருந்தது. குழலைத் திருகித் திறந்ததும், மெல்லிய மரச்சீவல் சுற்றிய, என் முழங்கையளவு நீளமான சுருட்டு வெளியே வந்தது. நடுவில் சிவப்பும் தங்கநிறமுமாக ஒரு காகித வளையம்.

"டேய், வெளிய வாடா" என்று வேன் மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நீங்க மூணு பேரும் புடிங்க" என்றார் சித்தப்பா. குரல் மட்டும்தான் வந்தது.

"நாலு பேருன்னு வக்கீல் சொல்லிருக்காரு."

"ஊர்ல யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியாதுடா. வுட்ருங்க."

"சரி, நாம பத்த வைப்போம். வாசனைக்கு வரானா பாப்போம்" என்று அப்பா சுருட்டை வாயில் வைத்தார். ரேஷன் மாமா தீக்குச்சி கிழித்தார். அப்பா கன்னம் ஒட்ட இழுத்தார். நுனி கருகியதே தவிர, புகை வரவில்லை. ரேஷன் மாமா வாங்கி இழுத்தார், கண் பிதுங்கியது. வேன் மாமா திருப்பி வைத்துப் பார்த்து மீசையைச் சுட்டுக்கொண்டார். ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்துபோனது.

"இன்னாடா இது, பொகையே வர்ல? டூப்ளிகேட்டா?" என்றார் அப்பா.

"வக்கீலுகிட்டயே கேட்டுர்றேன்" என்று வேன் மாமா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறைமேல் ஏறினார். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் அந்தப் பாறை ஒன்றுதான். மேலே நின்று "ஆமாங்க சார், சரிங்க சார்" என்றவர், அங்கிருந்தபடியே ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"தலய வெட்டணுமாம்டா! மொதல்ல தலய வெட்டணுமாம்!"

பக்கத்துக் களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்த பெரியப்பா முறத்தைக் கீழே போட்டுவிட்டார். சமையல் செய்துகொண்டிருந்த சித்தி கரண்டியோடு ஓடிவந்து, "யாரு தலயண்ணா?" என்றாள்.

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் போல இருந்தது. பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. சித்தி அப்படியே நின்றுவிட்டாள். சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். "மூணு பேரு சேர்ந்து ஒரு சுருட்டப் பத்த வைக்க முடியல, நீங்க இன்னாத்துக்குடா வாய்தாவுக்கு வந்தீங்க? குடு இங்க" என்றார்.

சித்தி கொண்டுவந்த கத்தியால் அவர் சுருட்டின் மூடிய முனையை நகம் வெட்டுவதுபோல மெல்லச் சீவினார். அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளியில் காட்டித் திருப்பித் திருப்பிப் பற்றவைத்தார். கனத்த புகை ஒன்று எழும்பிப் பலா இலைகளுக்குள் போனது. புகையை விழுங்கக் கூடாது, வாயிலேயே வைத்து விட்டுவிட வேண்டும் என்றும் வக்கீல் சொல்லியிருந்தார். பீடி பிடித்துப் பழகியவர்களால் அது முடிகிற காரியமா? நான்கு பேரும் முறைவைத்து இருமினார்கள். காகித வளையத்தைக் கழற்றிச் சித்தப்பா என் விரலில் மாட்டிவிட்டார்.

பக்கத்துக் களத்துப் பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். எழுந்து உள்ளே போகப் பார்த்த சித்தப்பாவின் முழங்காலில் அப்பா கைவைத்து அழுத்தினார்.

"நல்ல வாசனையா கீதேப்பா. எனக்கும் ஒரு இழுப்பு குடு" என்று சித்தப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார் பெரியப்பா. வேறெதுவும் கேட்கவில்லை. சித்தப்பா சுருட்டை நீட்டினார்.

இதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அட்லஸை அவர் மடியில் விரித்தேன்.

"கப்பல்ல பயமா இருக்காதா சித்தப்பா?"

மாமாக்கள் தரையைப் பார்த்தார்கள். சித்தப்பா என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல பயமாதான் இருந்திச்சி. அப்புறம் கூட இருந்தவங்க பழகிட்டாங்க."

"கர எப்ப வரும்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது கண்ணு. இவங்க மூணு பேரும் வந்து, இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொல்லிட்டுப் போவாங்க."

"நடுக்கடலுக்கா?"

"ஆமா. எத்தினி தடவ அது பொய்யாப் போனாலும் மறுபடியும் வருவாங்க."

ரேஷன் மாமா சட்டென்று எழுந்துபோய்ப் பலாமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அடுத்தது எப்ப போவே?" என்றேன்.

"இனிமே போவ மாட்டேன். உங்கப்பாகூட நெலத்தப் பாத்துக்கினு இங்கதான் இருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பில் என்ன சொல்வேன்? ஏழு மாடிக் கப்பலை விட்டுவிட்டு யாராவது சாமை விதைக்க வருவார்களா? அவர் கையைப் பிடித்து இழுத்து, "போ சித்தப்பா, எனக்காவ இன்னும் ஒரே ஒரு தடவ போய்ட்டு வா" என்று கெஞ்சினேன்.

எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சித்தப்பாதான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சித்தி கரண்டியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்ததை அவள் கவனிக்கவேயில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா வேன் மாமாவின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போனார். வழியெல்லாம் ஆட்கள் வண்டியை நிறுத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒருவர் பலாப்பழம் கொடுத்தார், இன்னொருவர் விதைச் சாமை கொடுத்தார். நான் மட்டும் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவ்வளவு நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த மனிதரை ஊரே கூடி ஏன் இப்படிக் கொண்டாடுகிறது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.