புறப்பட்ட அம்மன் ரிவர்ஸ் எடுக்க மாட்டாள்

திடல் வடிவமைக்கிற தொழிலில் ஒரே சங்கடம், நாம் வரைந்து முடிப்பதற்குள் ஜனங்கள் அங்கே குடியேறிவிடுவார்கள். நடுரோட்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள்.

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பஸ் ஸ்டாப் திடல், சந்தைத் திடல், அம்மன் கோவில் திடல் மூன்றையும் சீர்படுத்தி ஒரே நடைபாதையால் இணைப்பது என் வேலை. சுற்றியிருக்கும் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் பைக்குக்குப் பயப்படாமல் அதில் நடக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பை உட்காரும் பெஞ்சு

பஸ் ஸ்டாப் திடலில், வேப்ப மர நிழலில் கருங்கல் பெஞ்சுகள் போட்டோம். சாப்பாட்டுப் பைகள் வரிசையாக உட்கார்ந்தன. ஆட்கள் வெயிலில் நின்றார்கள். தென்காசியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இசக்கியிடம் காரணம் கேட்டேன்.

"உக்காந்திருந்தா வேற கம்பெனி ஆளுன்னு நெனச்சு டிரைவர் போயிருவாருக்கா. பை உக்காரட்டும், அதுக்கு என்ன ஷிப்டா இருக்கு?"

மேடை

சந்தைத் திடலில் பாட்டுக் கச்சேரிக்கென்று வட்டமாக ஒரு கல்மேடை கட்டினேன். மறுநாளே அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து வடகம் பிழிந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லு நல்லா சூடு ஏறுது மேடம். இன்னொண்ணு கட்டுனா மொளகாவும் காய வச்சிக்கலாம்."

தூண்கள்

நடைபாதையைத் திறந்த அன்றே அது பைக்குகளுக்குக் குறுக்குவழியாகிவிட்டது. ஹாரன் அடித்து என்னையே ஓரங்கட்டினார்கள். கோபத்தில் பாதையின் வாசலில் இரும்புத் தூண்களை போல்ட் போட்டு நிறுத்தினேன். மறுநாள் பெண்கள் கை கோத்து, சிரித்துப் பேசிக்கொண்டு நடுப்பாதையில் நடந்தார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. வார்டு உறுப்பினர் முனுசாமி அண்ணனுக்குத்தான் வயிறு எரிந்தது.

"நீங்க நட்டுட்டு மெட்ராஸ் பூடுவீங்க மேடம். டெய்லி வூட்டுக்கு சுத்திக்கினு போறது நான்தான?"

ஆடி மாதம்

அம்மன் சீரியல் பல்பு அலங்காரத்தோடு டிராக்டரில் கிளம்பினாள். சந்தைத் திடலுக்கு அவள் போகிற வழி என் நடைபாதைதான் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை யார் தனியாகச் சொல்வார்கள்? டிராக்டர் தூண்களுக்கு முன்னால் நின்றது. "கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்களேன்" என்றேன். மேளமே நின்றுவிட்டது. புறப்பட்ட அம்மன் பின்வாங்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கமாம். முனுசாமி அண்ணன் சந்தோஷமாகக் கடப்பாரையோடு வந்தார். தூண் போனால் பாதையும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தில் கம்பெனி பஸ்ஸும் மாட்டிக்கொண்டிருந்தது. யூனிஃபார்மோடு இறங்கி வந்த இசக்கி தூணின் அடியைப் பார்த்தாள். டிரைவரிடம் ஸ்பானர் வாங்கினாள். அவளும் தோழிகளும் குந்தி உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்ற, மேளம் மறுபடி முழங்க, அம்மன் பாதைக்குள் போனாள். தூண்களை அப்படியே அப்புறப்படுத்த முனுசாமி அண்ணன் குனிந்தார். இசக்கி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மன் போயாச்சுல்லா அண்ணாச்சி, தள்ளுங்க, மாட்டணும். நாங்களும் நடக்கணும்லா!"

தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆடிக்கு ஆடி அவற்றைக் கழற்றி மாட்டுகிற ஸ்பானர் மட்டும் கோவிலில், அம்மன் நகைகளோடு பத்திரமாக இருக்கிறது.