கயிறு அறுத்த நாள்

எங்கள் மாட்டு மந்தை ஒரே ஒரு கிடேரிக் கன்றில் தொடங்கியது. லாபு ஊர்ப் பக்கத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டிருந்த நேரம். இளஞ்செடிகளுக்கு நடுவே புல் மண்டிக் கிடந்தது. அம்மா கிடேரியை அங்கே மேய்த்தார். புல் இருந்ததால் மாடு பெருகியது. என் கல்யாணத்தின்போது பதினோரு உருப்படி. மாட்டை வைத்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார் என்பார்கள். எனக்கோ சாணி வாடையோடு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியதுதான் ஞாபகம்.

புல்லைக் கொல்லும் விஷ மருந்தை அடிப்பவர்கள் அப்போது எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே குடியிருந்த ஆட்கள். முதல் நாளே வந்து, "அக்கா, நாளைக்கு ஆத்தோரம் மருந்து லா, மாட்ட விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் ஒவ்வொருவராக டவுனுக்குப் போக, வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, முதல் நாளே வந்து சொல்ல, எங்கள் வீடு எது என்றே அவர்களுக்குத் தெரியாது.

மற்ற நாளெல்லாம் நீளக் கயிற்றில் கட்டி மேய்க்கும் மாடுகளுக்கு, மாட்டுப் பொங்கலன்று பொங்கல் ஊட்டி, பழைய கயிற்றை அறுத்து விடுவோம். அன்று அவை இஷ்டப்பட்ட இடத்தில் மேயலாம். சாயங்காலம் திரும்பியதும் புதுக் கயிறு. நாலு வருஷத்துக்கு முன் அந்த நாளுக்காக, வேலை பார்க்கும் சிரம்பானிலிருந்து விடுப்பு எடுத்து வந்திருந்தேன். சிவலைப் பசு நிறைமாதச் சினை.

"அத மட்டும் கட்டியே வைப்போம்" என்றார் அம்மா.

"இன்னிக்குக்கூடவாம்மா? பாவம் லா" என்று நானே அரிவாளால் அறுத்துவிட்டேன். பெரிய தாராள மனசு எனக்கு.

தோட்டத்துக்கு அன்று லீவு இல்லை. காலையிலேயே ஆற்றோரம் மருந்தடித்திருந்தார்கள். புல் இன்னும் வாடாமல் பச்சையாகவே இருந்தது.

மற்ற மாடுகள் வேறு பக்கம் போயிருந்தன. சிவலை மட்டும் கழுத்து மாலையோடு, வாயில் நுரை தள்ள, தானாகவே நடந்து வந்து தன் முளைக்குச்சிப் பக்கத்தில் படுத்தது. மாட்டு டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதன் வயிற்றில் கை வைத்திருந்தேன். கன்று சற்று நேரம் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. அரிவாள் பிடித்த அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா திட்டியிருந்தால் தேவலை. லுக்குட் டவுனில் வாங்கி வந்த புதுக் கயிற்றில் ஒன்றை எடுத்துச் சிவலையின் கழுத்தில் போட்டு, முளையில் கட்டினார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"மத்ததெல்லாம் வந்துருச்சு. நீயே கட்டிரு."

எனக்கு ஒரு முடிச்சுக்கூடப் போட வரவில்லை.