கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புகள்

அவளைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது ஒரு செருப்புக் கடையில். கூட என் தம்பி பெண்டாட்டி வந்திருந்தாள். கடைக்காரர் அவளிடம், "உங்க 'ரெண்டு ஜோடி' அக்கா இப்பல்லாம் வர்றதே இல்லையே?" என்றார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்.

அக்காவுக்கு இடது காலில் யானைக்கால். அந்தப் பாதத்துக்குப் பெரிய செருப்பு வேண்டும், வலதுக்குச் சின்னது. கடையில் ஒற்றைச் செருப்பா விற்பார்கள்? இரண்டு ஜோடி வாங்குவாள். ஜோடிக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மற்றதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனசு வருமா?

அவள் தையல்காரி. ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லைதான். போகவர பஸ் கட்டணம், அன்று நின்றுபோகிற தையல், மாசம் தவறாமல் வருகிற யானைக்கால் காய்ச்சலில் ஒரு வாரப் படுக்கை, "வேற இடத்துல தைச்சுக்கறோம்" என்று திரும்பிப் போகிற துணிகள், இவற்றை யார் கணக்கில் வைப்பது? காதில் கிடந்த தோடு போயிற்று. பித்தளைக் குடம் போயிற்று. கடைசியில் செருப்பு வாங்குவதையும் நிறுத்தினாள். வெறுங்காலால் மிஷினை மிதித்தாள். மிதிகட்டையின் இரும்பு ஓரம் தோலைக் கீறிக்கொண்டே இருந்தது.

அப்போது அவள் புருஷனின் அண்ணன் ஓர் எண்ணெய் வைத்தியரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது நாளில் கால் வற்றிவிடுமாம்.

"வைத்தியர் கேக்கற காசுக்கு மிஷினை வித்துடலாம்மா. கால் நல்லாயிட்டா பத்து மிஷின் வாங்கலாம்."

"ஒரு மாசம் பொறுங்க மாமா. அதுக்குள்ள காய்ச்சல் வந்தா நானே ஆள் கூட்டிட்டு வந்து வித்துடறேன்."

புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை எதிர்த்து அவர் வாயைத் திறந்ததே இல்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் அந்தக் கீறலைக் காட்டினாள். "காய்ச்சல் இது வழியாத்தான் வருது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாம துடைங்க. செருப்பில்லாம ஒரு அடி வைக்காதீங்க."

செருப்புக்கு எங்கே போவாள்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு காய்கறிக்காரி. அவளுக்கு வீக்கம் வலது காலில். தையல்காரியின் கண் சும்மா இருக்குமா? பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டாள்.

"என்னடி, எனக்குக் கால்சட்டை தைக்கப் போறியா?"

"கொஞ்சம் ஆடாம இருங்கக்கா." இரண்டு பாதத்தையும் அளந்தாள். தன் அளவோடு சின்னதில் மட்டும் நூலளவு வித்தியாசம். "வேண்டாத செருப்பையெல்லாம் என்ன பண்றீங்க?"

"ஒரு கூடை நிறைய வச்சிருக்கேன். எறிய மனசு வரல."

"எங்கிட்ட ஒரு சாக்கு இருக்கு."

காய்கறிக்காரி இரண்டு பேர் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாவி, இத்தனை வருஷமா எங்கடி இருந்தே?"

அன்று சாயங்காலமே கூடையும் சாக்கும் கைமாறின. எல்லாம் மண் படாத புதுச் செருப்பு. தையல்காரி செருப்போடு மிஷின் மிதித்தாள். வேளை தவறாமல் காலைக் கழுவினாள். அந்த மாதம் காய்ச்சல் வரவில்லை. முப்பத்தோராம் நாள் புருஷனின் அண்ணன் வந்தார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "என் சட்டையில ஒரு பொத்தான் போயிடுச்சும்மா" என்றார்.

கால் வற்றவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. இப்போது செருப்பு தேய்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போய், ஆளுக்கு ஒரு ஜோடிக்குக் காசு கொடுத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தையல்காரி காய்கறிச் சந்தைக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் அதே மிஷினில் தைத்துக்கொண்டிருக்கிறாள்.