பிஸ்கட் டின்னில் கடைசித் தாள்

சீனிவாசலுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு ஒன்றுகூட வராது. ஆர்.எஸ்.புரத்தில் என் தையல் கடைக்கு அடுத்த கதவு அவனுடைய வாடகைப் புத்தகக் கடை. பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் கடை நடத்தினோம். பீடி கிடையாது, சண்டை கிடையாது, வாய் நிறைய 'வாங்க, போங்க'தான். ஆனால் அடுத்தவர் தவிப்பதைப் பார்த்துவிட்டால் அந்த மனுசனுக்கு அந்தச் சந்தோஷமே போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மார்கழிக் குளிரும் அரைப்பரீட்சை லீவும் சேர்ந்து வந்தால் அவன் கடையில் நிற்க இடம் இருக்காது. எல்லாருக்கும் மாயாஜாலக் கதைதான் வேண்டும். அதிலும் கத்தி, ரத்தம் இல்லாதது. பேசுகிற பூனை, சமைக்கிற பூதம், கடைசியில் எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற கதை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்க அதைவிட என்ன வேண்டும்?

ஒரு லீவில் பாதிப் புத்தகம் திரும்பி வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அட்வான்ஸை ஏற்றியிருப்பார்கள். இவன் பிளேடை எடுத்தான். மாயாஜாலப் புத்தகம் ஒவ்வொன்றிலும் கடைசித் தாளை அறுத்து, நம்பர் போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் தாள் கிடைக்கும். அதையும் அவன் எதிரிலேயே நின்று படித்துவிட்டுப் போக வேண்டும். அப்புறம் ஒரு புத்தகமும் தொலையவில்லை. அதோடு விட்டிருந்தால் கெட்டிக்காரன் என்றே சொல்லியிருப்பேன். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது டின்னைக் கிளறிவிட்டு, "உன்ற தாளைக் காணமே கண்ணு" என்று இழுப்பான். கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் தாள் அகப்படும்.

முத்தாத்தாளிடம் மட்டும் அது பலிக்காது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை, நாற்பது வயது, பிள்ளை இல்லை. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவாள். அவன் தாளைத் தேடுகிற மாதிரி நடிக்கும்போதே முடிவை அவளே சொல்லிவிடுவாள். தாளைப் படித்ததும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, என் கடைப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்வாள்:

"பாத்தீங்களாக்கா, நான் சொன்னனில்ல! இந்த மாதிரிக் கதைல யாரும் சாவ மாட்டாங்க. சாவறதுக்கு ஊர்ல வேற எடமா இல்ல?"

அவள் சிரிப்பு என் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். அவனுக்கு ஆகவே ஆகாது.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி அந்த மார்கழியில் அவள் படுத்துவிட்டாள். அப்போது அவள் கையில் இருந்தது சுக்குக் காப்பி போடும் பூதத்தின் கதை. மலைக் கணவாயில் நூறு வருஷமாக அணையாத அடுப்பு. வழிப்போக்கர்களுக்குப் பூதம் காப்பி போட்டுக் கொடுக்கும். ஒரு புயல் ராத்திரி அடுப்பு அணைந்து, ஒரே ஒரு கங்கு மிஞ்சுகிறது. பூதம் குனிந்து ஊதுகிறது. அங்கே புத்தகம் நின்றுவிடும். மிச்சம் டின்னில்.

அவள் புருஷன் அங்கப்பன் வந்தபோது நான் பட்டன் வாங்க ஒப்பணக்கார வீதிக்குப் போயிருந்தேன். நடந்ததைச் சீனிவாசலுவே எனக்கு நடித்துக் காட்டினான்.

"புஸ்தகத்தைத் தர மாட்டேங்கறாளுங்க. திருப்பித் திருப்பிப் படிச்சுட்டே படுத்திருக்கா. அடுப்பு பத்துச்சா இல்லையான்னு கேட்டுட்டு வரச் சொன்னாளுங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க, நீங்க படிச்சுச் சொல்லிப்போடுங்க" என்று கும்பிட்டாராம்.

இவன் தாளை எடுத்து, விரல் வைத்து, படிக்கிற மாதிரியே சொல்லியிருக்கிறான்: "அடுப்பு அணைஞ்சுபோச்சு. பூதம் குளுர்ல வெறைச்சுச் செத்துப்போச்சு. முற்றும்."

"அட பாவி! எதுக்குடா?" என்றேன்.

"பொஸ்தகம் வராம முடிவு மட்டும் வேணும்னா இப்படித்தானுங்க. சும்மா வெளையாட்டுக்கு. சனிக்கிழமை வருவாரு, அப்பச் சொன்னாப் போச்சு."

வீடு எங்கே என்று கேட்டால் சிங்காநல்லூர் என்றான். அவ்வளவு பெரிய ஊரில் எங்கே போய்த் தேட? அந்தச் சனிக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

பொங்கல் கழிந்து அங்கப்பன் வந்தார். கையில் புத்தகம். நேராக என்னிடம் வந்தார்.

"அவ போயிட்டாளுங்க. நீங்க ஒருக்கா அந்தத் தாளைப் படிச்சுச் சொல்றீங்களா? நான் சொன்னதை அவ நம்பவே இல்லீங்க."

அவரைக் கூட்டிக்கொண்டு போய், சீனிவாசலு தடுக்கத் தடுக்க டின்னைப் பிடுங்கித் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். கங்கு பற்றிக்கொண்டது. பூதம் சுக்கைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தது. நனைந்து வந்தவர்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கப்பன் சீனிவாசலுவிடம் திரும்பி, "ஏனுங்க, அன்னிக்குக் கண்ணாடி போடாமப் படிச்சுட்டீங்களாட்டம் இருக்குதுங்க?" என்றார்.

அவன் ஜென்மத்தில் கண்ணாடி போட்டவன் இல்லை. "ஆமாங்க, எழுத்து மங்கலாத் தெரிஞ்சுதுங்க" என்றான்.

நடந்ததைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கப்பன், "உங்களைக் குத்தம் சொல்லலீங்க. நான்தானுங்க அவளைத் திட்டிப்போட்டேன். இந்தக் கதைல அப்படி வராது, நீ தப்பாக் கேட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டே இருந்தா. படிச்ச மனுசன் பொய் சொல்லுவாரா, வாயை மூடுன்னு கத்திப்போட்டேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவதானுங்க. அப்பறம் எங்கூடப் பேசவே இல்லீங்க" என்றார்.

புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று இருவரையும் கும்பிட்டுப் படி இறங்கினார்.

சீனிவாசலு என் கையிலிருந்து தாளை வாங்கி, மூலையில் பொடியாக எழுதியிருந்த நம்பரைப் பார்த்து, சரியான இடத்தில் செருகி டின்னை மூடினான்.