பேச்சுப் பொத்தான்

இறக்கையின் முன்விளிம்பில் அப்பிக் காய்ந்திருந்த பூச்சிகளை மார்லிஸ் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விமானம் வெர்லினுடையது. அவள் கணவன் டுவேனின் விமானம் ஏப்ரலில் மக்காச்சோள வயலில் விழுந்து அவனோடு எரிந்துபோயிற்று. அவனுடைய கருவிப்பெட்டியை எடுத்துப்போக வந்தவள், கை சும்மா இருக்காமல் துணியை எடுத்திருந்தாள்.

விஸ்கான்சினில் எங்கள் சின்ன விமானத்திடலின் கடைசிக் கொட்டகையில் இரண்டு நண்பர்களும் ஒன்பது வருஷமாக ஒரே மாதிரி இரண்டு விமானங்களைக் கட்டினார்கள். டுவேன் தகடு அடித்தான். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற வெர்லின், இரண்டுக்கும் ஒயர் இழுத்தான். ஒயர்கள் சீப்பால் வாரிக் கட்டியதுபோல் இருக்கும். பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

"ஒம்பது வருஷம் ரெண்டு பேரும் இங்கயே குடியிருந்தீங்க. என் வீட்டுக் குழா இன்னும் ஒழுகுது" என்றாள் வெர்லினிடம்.

"நாளைக்கு வந்து பாக்குறேன்."

"அவனும் இதத்தான் சொன்னான்."

விபத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள் அதிகாரிகள். டுவேன் கவனமில்லாமல் விழுந்தான் என்றது ஊர். மார்லிஸ் அதை நம்பவில்லை.

டுவேன் ஆட்டோபைலட்டை நம்பி இறங்குகிறவன்; வெர்லின் அதைத் தொடுவதே அபூர்வம். போன வாரம் போட்டுப் பார்த்தபோது, ரேடியோவில் பேசியதும் விமானத்தின் மூக்கு சட்டென்று தாழ்ந்தது. தரையில் வைத்துச் சோதிக்க இன்னொரு ஆள் வேண்டும். மார்லிஸை இதில் இழுக்க வேண்டாமென்று நினைத்தான் வெர்லின். அவளே ஏறி உட்கார்ந்தாள்.

வெர்லின் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு வால்பக்கம் போய் நின்றான்.

"பொத்தான அமுக்கிப் பேசு."

"என்ன பேச?"

"எதுவானாலும்."

அவளுக்குத் தெரிந்தது டுவேன் சொல்வதுதான். "இறங்க வர்றேன், ஓடுபாதையில..."

விமானத்தை ஓட்டும் கைப்பிடி துள்ளி முன்னால் சாய்ந்தது. வால் மடல் படாரென்று இறங்கியது. அவள் நிறுத்திவிட்டாள். ஏப்ரலில் ரேடியோவில் டுவேனின் குரலை எல்லோரும் கேட்டதும் அந்த இடம் வரைக்கும்தான்.

வெர்லின் முன்பலகைக்கு அடியில் புகுந்தான். ரேடியோ ஒயரும் ஆட்டோபைலட் மோட்டார் ஒயரும் ஒரே கட்டில் கிடந்தன. வீட்டு வழக்கப்படி ஒயரின் உலோக உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தான். விமானத்தில் ஒரு முனையில் மட்டும்தான் செய்ய வேண்டும். பொத்தானை அமுக்கினால் ரேடியோவின் அலை மோட்டாருக்குக் கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது.

மார்லிஸ் குனிந்து பார்த்தாள்.

"அவனோடதும் இப்படித்தான் கட்டுனியா வெர்லின்?"

அவன் இடுக்கியை எடுத்து ஒயர்க்கட்டின் முதல் முடிச்சை வெட்டினான். பிறகு அடுத்ததை.

அவள் விமானத்திலிருந்து இறங்கினாள். துணியை மடித்து இறக்கைமேல் வைத்துவிட்டு, கருவிப்பெட்டியை எடுக்காமலே வெளியே போனாள்.